மணிக்கட்டும் உள்ளங்காலும் சொல்லும் வாரக்கணக்கு: புதிய பாலார்ட் மதிப்பெண் சரிபார்க்கப்பட்ட கதை

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு நள்ளிரவு, வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஆம்புலன்ஸில் ஒரு ஆண் குழந்தை வந்து சேர்ந்தது. பிறந்து ஆறு மணி நேரம். எடை 2,040 கிராம். அம்மா அங்கேயே படுக்கையில். கூட வந்தவர் பாட்டி மட்டும்தான். ஃபைலில் ஆரம்பகால ஸ்கேன் எதுவும் இல்லை. கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டேன். "ஆடிப்பெருக்கு முடிஞ்சு நாலஞ்சு நாள்ல தலைக்குக் குளிச்சா, டாக்டர்" என்றார். தலைக்குக் குளித்தது மூன்றாம் நாளா, ஐந்தாம் நாளா, அதுதான் கடைசி முறையா என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எத்தனை வாரத்துக் குழந்தை, அதாவது எத்தனை வாரம் வயிற்றில் இருந்தது என்பது தெரியாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு அடி எடுத்து வைப்பதும் கஷ்டம். எவ்வளவு பால், எவ்வளவு நாள் மூச்சுக் கண்காணிப்பு, விழித்திரைப் பரிசோதனை வேண்டுமா என எல்லாமே வாரக்கணக்கை ஒட்டியவை. அதனால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். குழந்தையின் தசை இறுக்கத்தையும் உடல் அடையாளங்களையும் வைத்து வாரத்தைக் கணிக்கும் புதிய பாலார்ட் மதிப்பெண் தாளை எடுத்து, குழந்தையைத் தொட்டுப் பார்த்து 12 கட்டங்களை நிரப்பினேன். கூட்டுத்தொகை 25. அதாவது 34 வாரம்.

அரைமணி நேரம் கழித்து என் சீனியர் வந்து, என் தாளைப் பார்க்காமலே தானும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு வந்தது 22. கிட்டத்தட்ட 32 வாரம் 6 நாள். "குழந்தை அழுதுட்டு இருக்கும்போதா காலை நீட்டிப் பார்த்தே?" என்றார். ஆமாம், அழுதுகொண்டிருந்தபோதுதான்.

மூன்று புள்ளி வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் நம் நாட்டு வழிகாட்டுதலின்படி, 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 34 முதல் 36 வாரம் வரை, வேறு அபாயக் காரணங்கள் இருந்தால் மட்டும். இந்தக் குழந்தை எடையால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். வாரத்தால் தாண்டினானா இல்லையா என்பது, அவனைத் தொட்டது யாருடைய கை என்பதைப் பொறுத்து மாறியது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. இந்தத் தாளை நம்பலாம் என்று முதலில் யார் சொன்னார்கள்? எந்தக் குழந்தைகளிடம் பார்த்துச் சொன்னார்கள்?

கருவி உருவான வழி

குழந்தையின் உடலைப் பார்த்து வாரம் சொல்லும் முயற்சிக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று பாரிஸ். ஆந்த்ரே தோமாவும் சூசான் சேன்ட்-ஆன் தர்காசியும் குறைமாதக் குழந்தைகளின் தசை இறுக்கம் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று பொறுமையாகப் பதிவு செய்தார்கள். இறுக்கம் காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறி வருகிறது. 28 வாரக் குழந்தை துணிபோலக் கை கால் பரப்பிக் கிடக்கும். 40 வாரக் குழந்தை கை கால் நான்கையும் மடக்கிக்கொண்டு கிடக்கும். இன்னொரு வேர் பிரிட்டன். 1966-இல் ஃபார் என்பவரின் குழு தோல், காது மடல், மார்புத் திசு, உள்ளங்கால் ரேகை போன்ற வெளி அடையாளங்களுக்கு வரையறை கொடுத்தது.

இந்த இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தவர்கள் ஷெஃபீல்டில் இருந்த லில்லி டுபோவிட்ஸ், விக்டர் டுபோவிட்ஸ், சிஸ்ஸி கோல்ட்பர்க் ஆகியோர். 1970-இல் வெளியான அவர்களின் ஆய்வில் 167 குழந்தைகள், 10 நரம்பியல் அளவுகோல்கள், 11 வெளி அடையாளங்கள். நல்ல கருவிதான். ஆனால் 21 உருப்படி. அதில் சில, குழந்தையைத் தூக்கிப் பிடித்தோ கையைப் பிடித்து எழுப்பியோ பார்க்க வேண்டியவை. மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் கிடக்கும் 1,100 கிராம் குழந்தையை யார் தூக்கிப் பார்ப்பது?

அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜீன் பாலார்ட் 1979-இல் செய்தது இதற்கான விடை. தூக்கிப் பார்க்க வேண்டியவற்றை விட்டுவிட்டு, படுத்த நிலையிலேயே பார்க்கக்கூடிய ஆறு நரம்பியல் அடையாளங்களையும் ஆறு உடல் அடையாளங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தாளின் கீழ் எல்லை 26 வாரம். 1980-களின் கடைசியில் அதற்கும் கீழே உள்ள குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். நுரையீரலைத் திறந்து வைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு 1990-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. அளவுகோலைக் கீழே நீட்ட வேண்டிய கட்டாயம் வந்தது.

அப்படி நீட்டியதுதான் 1991-இல் வெளியான புதிய பாலார்ட் மதிப்பெண். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மதிப்பெண் போட இடம் கொடுத்தார்கள். இமைகள் ஒட்டியிருந்தால் -1, இறுக்கமாக ஒட்டியிருந்தால் -2. உள்ளங்கால் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை 40 முதல் 50 மில்லிமீட்டர் என்றால் -1, 40-க்கும் கீழே என்றால் -2. தோல் பிசுபிசுவென்று, கண்ணாடிபோல ஊடு தெரிந்தால் -1. மொத்தம் -10 முதல் 50 வரை. மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, 120 கூட்டி, ஐந்தால் வகுத்தால் வாரம் வந்துவிடும். -10 என்றால் 20 வாரம், 50 என்றால் 44 வாரம். ஐந்து புள்ளிக்கு இரண்டு வாரம்.

1991-இல் என்ன செய்தார்கள்

ஆய்வில் சேர்ந்தவை 578 குழந்தைகள். கர்ப்ப வாரம் 20 முதல் 44 வரை. பரிசோதனை நடந்தது பிறந்த உடனே தொடங்கி 96 மணி நேரத்துக்குள். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் எந்தச் சரிபார்ப்பிலும் நான் முதலில் தேடும் வரி. இங்கே ஒப்பீட்டுக்கான அளவு, கடைசி மாதவிலக்குத் தேதி. அதுவும் சும்மா அல்ல. பிரசவத்துக்கு முந்தைய ஸ்கேன் சொல்லும் வாரத்தோடு இரண்டு வாரத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அப்படி உறுதியானவை 530 குழந்தைகள்.

அந்த 530 பேரில் பாலார்ட் வாரத்துக்கும் தேதி வாரத்துக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண், 1 என்றால் முழுமை) 0.97. தனித்தனி அடையாளங்களைப் பார்த்தால் 0.72 முதல் 0.82 வரைதான். இந்த இடைவெளியை எனக்குப் பிடிக்கும். கருவியின் அறிவு அதில்தான் இருக்கிறது. வயிற்றில் சரியாக வளராத குழந்தைக்கு மார்புத் திசு குறைவாக இருக்கும், ஆனால் மணிக்கட்டு தன் வாரத்துக்கு ஏற்றபடியே மடங்கும். பிறந்ததும் மூச்சுத்திணறிய குழந்தையின் தசைகள் துவண்டிருக்கும், ஆனால் உள்ளங்கால் ரேகை பொய் சொல்லாது. ஒன்று தவறும் இடத்தில் மற்றொன்று தாங்கிப் பிடிக்கும் என்ற எண்ணத்தில் 12-ஐயும் கூட்டுகிறோம்.

ஆனால் 0.97 என்ற எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகளை ஒரே மைதானத்தில் நிறுத்தி, உயரத்தை மட்டும் பார்த்து வகுப்பைச் சொல்லச் சொன்னால் யாராலும் நன்றாகச் சொல்ல முடியும். கெழு பிரமாதமாக வரும். அதே ஆளிடம் ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் கலந்து நிறுத்தினால் திணறிப்போவார். 20 வாரம் முதல் 44 வாரம் வரை பரந்த கூட்டத்தில் கெழு உயர்வாக வருவது இயல்பு. 1986-லேயே புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் இதை லான்செட் மருத்துவ இதழில் தெளிவாக எழுதிவிட்டார்கள். இரண்டு அளவுமுறைகள் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கெழுவால் சொல்ல முடியாது, ஒவ்வொரு ஆளுக்கும் வித்தியாசம் எவ்வளவு, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள் என்றார்கள்.

அப்படிப் பார்க்கத் தேவையான எண்ணும் 1991 கட்டுரையிலேயே இருக்கிறது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் சராசரி வித்தியாசம் 0.15 வாரம், திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற அளவு) 1.46 வாரம். 26 வாரத்துக்குக் கீழே சராசரி 0.32, திட்ட விலக்கம் 1.58. சராசரி அழகாகப் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் என் முன்னால் வார்மரில் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் படுக்கையில்) படுத்திருப்பது சராசரிக் குழந்தை கிடையாது, ஒரே ஒரு குழந்தை. அவனுக்கு நான் பயன்படுத்த வேண்டியது திட்ட விலக்கத்தின் இரண்டு மடங்கு. ஏறக்குறைய மூன்று வாரம் முன்னும் பின்னும். 24 வாரம் என்று தாள் சொல்லும் குழந்தை 21 ஆகவும் இருக்கலாம், 27 ஆகவும் இருக்கலாம். பெற்றோரிடம் போய் நாம் பேச வேண்டிய பேச்சு இந்த மூன்று வயதுக்கும் முற்றிலும் வேறு வேறு.

நேரத்தைப் பற்றிய பகுதிதான் அந்த ஆய்விலேயே கட்டில் அருகில் உடனே உதவுவது. 26 வாரத்துக்குக் கீழே உள்ளவர்களை 12 மணி நேரத்துக்குள் பார்த்தபோது 97 சதவீதம் பேரின் கணக்கு இரண்டு வாரத்துக்குள் பொருந்தியது. அந்தச் சின்னக் குழந்தைகளின் தோல், வெளிக்காற்று பட்டதும் மணிக்கு மணி மாறத் தொடங்கிவிடும், அதனால் தாமதமாகப் பார்ப்பவர் வேறொரு தோலைத்தான் பார்க்கிறார். 26 வாரமும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் 96 மணி நேரம் வரை எப்போது பார்த்தாலும் பொருத்தம் சராசரியாக 92 சதவீதம். திருப்பிப் படித்தால், நூற்றுக்கு எட்டுக் குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தவறு. பிற்பாடு சண்டிகரில் 29 முதல் 35 வாரக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று (2009), ஏழாம் நாள் வரையிலும் இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. வேறிடத்திலிருந்து மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வந்து சேரும் குழந்தைகள் நிறைந்த நம் வார்டுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

இருவர் பார்த்தால் ஒன்றாக வருமா? அதற்கும் 1991-இல் ஒரு எண் உண்டு, 0.95. ஆனால் இதுவும் ஒட்டுறவுக் கெழுதான். ஒருவர் எல்லாக் குழந்தைக்கும் மூன்று புள்ளி கூடுதலாகவே போட்டுக்கொண்டு வந்தால் இந்தக் கெழு துளியும் குறையாது. அன்றிரவு எனக்கும் சீனியருக்கும் நடந்ததை இந்த எண்ணால் பிடிக்கவே முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 0.97 என்பது தேதியும் ஸ்கேனும் ஒத்துப்போன 530 பேரின் கணக்கு. சரிபார்ப்புக்கு வேறு வழியில்லை, நம்பகமான ஒப்பீட்டு அளவு இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் தேதியும் ஸ்கேனும் தெளிவாக உள்ள அம்மாவின் குழந்தைக்குப் பாலார்ட் தாளே பெரும்பாலும் தேவையில்லை. ஸ்கேன் இல்லாமல், ஆடிப்பெருக்கை வைத்து நாள் எண்ணும் பாட்டியோடு வந்து சேரும் குழந்தைக்குத்தான் தேவை. அந்தக் குழந்தை இந்த 530 பேரில் இல்லை. சீக்கிரமே பதிவு செய்யாத, கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடாத, ரத்த அழுத்தம் கவனிக்கப்படாத அம்மாக்களின் குழந்தைகள், வளர்ச்சி குன்றியும் சோர்ந்தும் பிறக்க வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகள். கருவி தடுமாறும் இடமும் அதுதான்.

மற்றவர்கள் கையில் எடுத்தபோது

1999-இல் அமெரிக்காவின் பச்சிளங் குழந்தை ஆய்வு வலைப்பின்னலைச் சேர்ந்த மருத்துவமனைகளில் இதே கருவியை மிகக் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 28 வாரத்துக்குக் கீழே பாலார்ட் கணக்கு, தேதிக் கணக்கைவிட 1.3 முதல் 3.3 வாரம் வரை அதிகமாக வந்தது. 1991-இல் 0.32 வாரமாக இருந்த வித்தியாசம் எங்கே, இது எங்கே!

ஏன் இப்படி? என் புரிதலில் இரண்டு காரணங்கள். முதலாவது கைகள். ஒரு கருவியை உருவாக்கியவரின் இடத்தில், அவரிடமே கற்றவர்கள் பார்ப்பது ஒன்று. பல ஊர்களில், பல ஷிஃப்டுகளில், பலர் பார்ப்பது வேறு. இரண்டாவது கணக்கியல். தவறு உள்ள எந்த அளவுகோலும் இரண்டு ஓரத்திலும் இருப்பவர்களை நடுவை நோக்கி இழுக்கும். மிகச் சின்னக் குழந்தைக்குக் கீழே போக இடம் குறைவு, மேலே போக இடம் நிறைய. அதனால் மிகக் குறைமாதத்தில் கூட்டியும், 40 வாரத்தைத் தாண்டியவர்களிடம் குறைத்தும் சொல்லும். மொத்தச் சராசரியில் இவை இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு 0.15 என்று சாதுவாக நிற்கும்.

2016-இல் வெளியான வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதி ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள். ஒப்பிட்டது ஆரம்பகால ஸ்கேனோடு. தனிக் குழந்தையின் கணக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்னும் பின்னும் போனது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வாரத்தைக் குறைத்தே காட்டியது. நம் ஊர்க் குழந்தைகளின் எடையை நினைத்தால் இந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. முழு மாதத்தில் பிறந்த மெலிந்த குழந்தையைக் குறைமாதம் என்று எழுதிவிட்டால், அம்மாவின் கர்ப்பத்தில் என்ன தப்பியது என்று தேட வேண்டியதை நாம் தேடாமலே விட்டுவிடுவோம்.

2017-இல் இப்படிப்பட்ட ஆய்வுகள் 78-ஐத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு வந்தது. ஸ்கேனோடு ஒப்பிட்டால் 95 சதவீதக் குழந்தைகளுக்கு டுபோவிட்ஸ் முறை ±2.6 வாரத்துக்குள் சொன்னது, பாலார்ட் ±3.8 வாரத்துக்குள். பாலார்ட் சராசரியாக 0.4 வாரம் கூட்டியும் சொன்னது. இரண்டையும் ஒரே குழந்தைகளிடம் நேருக்கு நேர் வைத்த போட்டி இல்லை இது, அதனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 21 உருப்படியை 12 ஆக்கியபோது, குழந்தையின் சிரமம் குறைந்ததோடு துல்லியத்திலும் கொஞ்சம் கைவிட்டுப் போயிருக்க வாய்ப்புண்டு. நோயுற்ற குழந்தையை அலைக்கழிக்காமல் இருப்பதற்காக அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். கொடுத்தது எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

விரல்களின் கதை

மறுபடி அந்த ராத்திரிக்கு வருகிறேன். சீனியர் என் தாளையும் தன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்பது கட்டங்களில் ஒரே எண். மூன்றில்தான் வேறுபாடு.

முழங்கால் மடிப்புக் கோணத்துக்கு நான் 3 போட்டிருந்தேன், அதாவது 100 டிகிரி. அவர் 2, 120 டிகிரி. குழந்தை அழும்போது கால் விறைத்து எதிர்க்கும், அதனால் கோணம் குறுகித் தெரியும். வார்மரின் கதகதப்பில் அவன் அமைதியானதும், இடுப்பைப் படுக்கையோடு வைத்து, தொடையை வயிற்றோடு மெல்ல மடித்து, பிறகே காலை நீட்டிக் காட்டினார். இடுப்பு தூக்கிக்கொண்டால் கணக்கே மாறிவிடும் என்றார்.

உள்ளங்காலுக்கு நான் 2. முன்பக்கத்தில் ஒரு குறுக்கு ரேகை தெரிந்தது. அவர் கட்டைவிரலால் தோலை லேசாக இழுத்தார், ரேகை மறைந்துவிட்டது. அது வெறும் சுருக்கம். எஞ்சியவை மங்கலான சிவப்புக் கோடுகள் மட்டும், 1.

மார்புக்கு நான் கண்ணால் பார்த்தே 2 போட்டுவிட்டேன். "தொட்டுப் பார்த்தியா?" தொடவில்லை. முலைக்காம்பைச் சுற்றிய வட்டம் சற்று உப்பினாற்போல இருந்தது உண்மை. இரண்டு விரலுக்கிடையே பிடித்துப் பார்த்தபோது உள்ளே மொட்டு எதுவும் அகப்படவில்லை. லேசான நீர் வீக்கம். 1.

மூன்றிலும் தவறு ஒரே திசையில் இருந்ததைக் கவனித்தேன். மூன்றையும் என் அவசரம் மேலே தள்ளியிருக்கிறது. 12 அடையாளங்களின் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் என்ற அந்த அழகான ஏற்பாடு, பிழைகள் அங்குமிங்கும் சிதறி இருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும். ஒரே கை, ஒரே அவசரம், ஒரே அழும் குழந்தை என்றால் பிழைகள் சேர்ந்தே நடக்கும்.

அதனால் எங்கள் பிரிவில் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதிதாக வருபவர்கள், வாரம் தெளிவாகத் தெரிந்த குழந்தைகளிடம், அந்த வாரத்தைத் தெரிந்துகொள்ளாமல், ஒரு சீனியரோடு தனித்தனியாகப் பார்ப்பார்கள். மொத்த எண்ணை ஒப்பிடுவதில்லை. கட்டம் கட்டமாக, எந்தத் திசையில் எவ்வளவு விலகல் என்று எழுதுவோம். ஒருவர் மணிக்கட்டில் எப்போதும் ஒன்று கூடுதலாகப் போடுகிறார் என்பது பத்துப் பதினைந்து குழந்தைகளிலேயே தெரிந்துவிடும். சிஸ்டர்களையும் சேர்த்துக்கொண்டோம். எட்டு மணி நேரம் குழந்தையின் அருகிலேயே இருப்பவர்கள் அவர்கள்தான், குழந்தை அமைதியாக இருக்கும் நேரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கேஸ் ஷீட்டில் எழுதும் முறையையும் மாற்றினோம். முன்பெல்லாம் "34 வாரம்" என்று ஒரே எண். அந்தக் குழந்தைக்கு அன்று சீனியர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இப்படி: தேதியின்படி தெளிவில்லை, ஆரம்பகால ஸ்கேன் இல்லை, பாலார்ட் 22, பிறந்து ஏழாவது மணி நேரத்தில், அமைதியான நிலையில், 33 வாரத்துக்குச் சற்றுக் குறைவு, மூன்று வாரம் முன்பின் இருக்கலாம். கீழே ஒரு வரி, விழித்திரைப் பரிசோதனைப் பட்டியலில் சேர்க்கவும்.

பாட்டியிடம் போய், கண் டாக்டர் ஒருமுறை வந்து பார்ப்பார் என்று சொன்னேன். "கண்ணுக்கு என்னப்பா?" என்று பதறினார். ஒன்றுமில்லை பாட்டி, எத்தனை மாசத்துல பொறந்தான்னு சரியாத் தெரியல, அதனால பார்த்துடறோம் என்றேன்.